கம்பியும் தண்ணீர் கேனும் போதும்: மெர்சென் விதிகளை வீட்டில் சோதிக்க ஒரு வழிகாட்டி

பள்ளியில் சுரமானிச் சோதனை (எடை கட்டி இழுத்த கம்பியை மீட்டி அதிர்வெண் பார்ப்பது) செய்தவர்களுக்கு இந்த மூன்று விதிகள் நினைவிருக்கும். கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் அப்போதும் இரட்டிக்கும். அதே உலோகத்தில் இரு மடங்கு தடிமனான கம்பியைக் கட்டினால் பாதியாகும். இவற்றைக் கையால் சோதித்து, 1636-ல் எண்களோடு அச்சிட்டவர் மாரின் மெர்சென். பாரிசில் மினிம் சபையின் மடத்தில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு அவர். கணிதத்தில் ‘மெர்சென் பகா எண்’ என்று வருவதும் இவர் பெயரால்தான்.

அவர் செய்ததைப் படித்துவிட்டு நானும் செய்து பார்க்க இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து ஞாயிறுகளைத் தின்றது. கம்பி அறுந்தது, எண்கள் பொருந்தவில்லை, பழைய அளவுகளைத் தவறாக மாற்றினேன், கணினிப் பகுதியில் தவறான பொத்தானை அழுத்திப் பத்து நாள் வீணாக்கினேன். நீங்கள் இந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், கம்பியில் தொடங்குங்கள், பகா எண்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மூல நூலைத் திறக்கும் முன் அலகுகளைச் சரிசெய்யுங்கள்

கம்பி, ஒலி பற்றி அவர் எழுதிய பெரிய நூல் ‘ஆர்மொனி யூனிவெர்செல்’. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்னூலகமான காலிக்காவில் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். அச்சில்தான் வேண்டும் என்பவர்கள் 1963-ல் பாரிசில் மூன்று தொகுதிகளாக வந்த நிழற்பட மறுபதிப்பைப் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் படங்களுக்காகவும் அட்டவணைகளுக்காகவும் ஒருமுறை புரட்டுங்கள். வீணை வகைக் கருவிகளையும் குழல்களையும் மணிகளையும் அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள்.

இதில் மூன்று இடங்களில் கால் தடுக்கும். முதலாவது, நூலின் பகுதிகளுக்குத் தனித்தனியே பக்க எண் இடப்பட்டிருக்கிறது. ‘பக்கம் 120’ என்று யாராவது சொன்னால் எந்தப் பகுதியின் 120 என்று கேளுங்கள். இரண்டாவது, அக்கால அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலவே இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் சொற்கள் குழம்பும், கையால் திருத்திவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. அவர் சொல்லும் அடி நம் அடி அல்ல. பழைய பாரிஸ் அடி 32.48 செ.மீ.; நாம் பழகிய அடி 30.48 செ.மீ. ஆறு பாரிஸ் அடி ஒரு துவாஸ், அதாவது 1.949 மீட்டர். அவருடைய பவுண்டு சுமார் 489 கிராம். துப்பாக்கியின் ஒளியைப் பார்த்து, சத்தம் வரும்வரை எண்ணி, ஒலி நொடிக்கு 1,380 அடி போகிறது என்று எழுதுகிறார். நம் அடியால் மாற்றினால் 420 மீட்டர் வரும், பாரிஸ் அடியால் 448. இந்த அலகுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அப்புறம் படியுங்கள்.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கான எஃகுக் கம்பி செட் ஒன்று. உறையில் 10, 13, 17, 26, 36, 46 என்று அச்சிட்டிருக்கும் செட்டைக் கேளுங்கள். இவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகள், 10 என்றால் 0.254 மி.மீ. அக்கூஸ்டிக் கிட்டார் செட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் மூன்றாவது கம்பியிலிருந்தே மேலே வேறு கம்பி சுற்றியிருக்கும். சுற்றுக் கம்பியில் தடிமன் விதியை நேராகச் சோதிக்க முடியாது, ஏனென்றால் அது ஒரே திண்மமான கம்பி அல்ல. நமக்குச் சுற்றில்லாத மூன்று கம்பிகள் வேண்டும்: 10, 13, 17.

மீன்பிடி நைலான் நரம்பு மலிவு. ஆனால் எடை தொங்கத் தொங்க நீண்டுகொண்டே போகும். காலையில் எடுத்த அளவு மாலையில் நிற்காது.

மற்றவை: நாலடி நீளத் தடித்த பலகை, ஒரு நல்ல திருகு, குதிரைகளாக நிற்க இரண்டு சிறு கட்டைத் துண்டுகள், சாவி வளையம் ஒன்று, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, மீட்டர் டேப். குதிரை என்று சொல்வது வீணையில் தந்தியைத் தாங்கும் அந்தக் குதிரையைத்தான். கட்டையின் மேல் விளிம்பில் ஒரு துண்டு உலோகத் தகடு பதித்தால் ஒலி தெளிவாக வரும். எனக்கு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதிக்கு மேல் கம்பிக்கு. பலகை வீட்டில் இருந்தால் இன்னும் குறையும்.

கைப்பேசியில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும், விளம்பரம் கிடையாது.

3. கம்பியைச் செங்குத்தாகக் கட்டுங்கள்

பாடநூல் படத்தில் கம்பி கிடைமட்டமாகப் போய், கப்பி ஒன்றின் மேல் வளைந்து, எடையோடு தொங்கும். நல்ல கப்பி இல்லாமல் அதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். முதல் இரண்டு ஞாயிறுகளும் மேசை விளிம்பின் மேல் கம்பியை வளைத்துத் தொங்கவிட்டேன். 261 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 210-ஐத் தாண்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளிம்பின் உராய்விலேயே போய்விட்டிருந்தது. கேனில் 4 கிலோ இருக்கிறது, கம்பிக்குப் போய்ச் சேர்வது இரண்டரைக் கிலோதான்.

அதனால் பலகையைச் சுவரில் இரண்டு ஆணிகளில் நெட்டாகத் தொங்கவிடுங்கள். கம்பியின் குண்டு முனையை உச்சியில் திருகில் மாட்டுங்கள். அதற்கு ஐந்து செ.மீ. கீழே மேல் குதிரை, அதிலிருந்து சரியாக 60 செ.மீ. கீழே இரண்டாவது குதிரை. கம்பி இரண்டையும் லேசாகத் தொட்டபடி நேரே கீழிறங்கி, பலகைக்கு வெளியே கேனைத் தாங்க வேண்டும். குதிரை உயரமாக இருந்தால் கம்பி வளையும், வளைந்தால் உராய்வு திரும்ப வந்துவிடும். ஒரு செ.மீ. உயரம் போதும்.

கீழ் முனையில் முடிச்சுப் போடாதீர்கள். எஃகுக் கம்பி முடிச்சில் அறும், இல்லையென்றால் நழுவும். சாவி வளையத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, மீதியைக் கம்பியோடேயே முறுக்கிவிட்டு, வளையத்தில் கேனை மாட்டுங்கள்.

கண்ணாடி அணியாமல் கம்பிக்கு முன்னால் முகத்தைக் கொண்டு போகாதீர்கள். அறுந்த எஃகுக் கம்பி கண்ணை நோக்கித்தான் வரும். கேனுக்குக் கீழே பழைய போர்வை ஒன்றை மடித்துப் போடுங்கள். குழந்தைகள் இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடை தொங்கட்டும். 10 எண் கம்பிக்கு ஆறு கிலோவுக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

கட்டி முடித்ததும் 4 கிலோவோடு ஓர் இரவு விடுங்கள். சுற்றுகள் இறுகி நிலைக்க அந்த நேரம் வேண்டும்.

4. அளவெடுக்கும் முறை

இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் செயலியில் 50, 100 ஹெர்ட்சில் மின்சார முனகல் சிகரமாக நிற்கும், அதைக் கம்பியின் ஒலி என்று எழுதிவிடுவீர்கள். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் பலகையில் சாய்த்து வையுங்கள், பலகை வழியாக ஒலி நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு முறையும் கேனைச் சற்றே தூக்கி விட்டு, ஆட்டம் நின்றபின் கம்பியின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி மெதுவாக மீட்டுங்கள். ஒவ்வோர் அளவையும் ஐந்து முறை எடுத்து நடு மதிப்பை எழுதுங்கள்.

10 எண் கம்பி, 60 செ.மீ. நீளம், 4 கிலோ எடை: எஃகின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் 261.5 ஹெர்ட்ஸ். பியானோவின் நடு ‘சி’ சுரம் ஏறக்குறைய இதுதான், அதனால் காதாலும் சரிபார்க்கலாம். இதை உங்கள் அடிப்படை அளவாக வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நீளம்: கீழ் குதிரையை 30 செ.மீ.க்கு நகர்த்தினால் 523 வர வேண்டும். இதுதான் மிக எளிதாகப் பொருந்தும்.

இழுவிசை: மறுபடி 60 செ.மீ., எடை 1 கிலோ. 131-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 2 கிலோவுக்கு 185.

தடிமன்: 17 எண் கம்பியைக் கட்டி 4 கிலோ தொங்கவிட்டால் 154. தடிமன் 1.7 மடங்கு, அதிர்வெண் 1.7-ஆல் வகுபடுகிறது.

மெர்செனிடம் கைப்பேசி இல்லை, நொடிக்கு 261 அதிர்வுகளை எந்தக் கண்ணாலும் எண்ண முடியாது. அவர் 100 அடியைத் தாண்டிய நீளத்தில் கம்பியைக் கட்டினார். அவ்வளவு நீளத்தில் அது கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் மெதுவாக ஆடும். அதை எண்ணி, நீள விதியால் பெருக்கி, காதில் கேட்கும் ஒரு சுரத்துக்கு நொடிக்கு இத்தனை அதிர்வு என்று சொன்னார். கேட்க முடிவதை எண்ண முடியாது, எண்ண முடிவதைக் கேட்க முடியாது. நடுவே அந்த விதியைப் பாலமாகப் போட்டார். இந்த ஓர் இடத்துக்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். மொட்டை மாடியில் துணிக்கயிறு கட்டியிருந்தால் ஒரு முனையில் தட்டி அதன் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று கை உணரும்.

5. எண்கள் பொருந்தவில்லையா?

இழுவிசை அளவு மட்டும் தவறினால் காலிக் கேனின் எடையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். கேன் 200 கிராம் என்றால், 1 கிலோ என்று நீங்கள் எழுதியது 1.2 கிலோ, 4 கிலோ என்று எழுதியது 4.2. இரட்டிக்க வேண்டிய அதிர்வெண் 1.87 மடங்கில் நின்றுவிடும். மளிகைக் கடைத் தராசில் கேன், வளையம் எல்லாம் சேர்த்து நிறுத்து வாருங்கள். மெர்சென் சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது இந்த 200 கிராமால்தான்.

எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்தால் உராய்வைப் பாருங்கள். பாதியாக வந்தால் செயலி ஓர் எண்மம், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே படித்திருக்கலாம். ஒலியில் உள்ள அதிர்வெண்களைச் சிகரங்களாகக் காட்டும் அலைமாலைத் திரைக்கு மாறி, சிகரங்கள் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் அதிர்வெண். இரண்டு மூன்று சதவீத வேறுபாடு வந்தால் விட்டுவிடலாம். வீட்டுப் பலகைக்கு அது நல்ல முடிவு.

6. மேற்சுரங்கள்

கருவி தயாரான பிறகு இதற்குச் செலவே இல்லை. ஒரு கம்பியை மீட்டினால் ஒரே நேரத்தில் பல சுரங்கள் கேட்கின்றன என்று மெர்சென் கவனித்து எழுதினார். ஒரே கம்பி எப்படி ஒரே நேரத்தில் பல விதமாக ஆடும் என்பது அவரைக் குழப்பியது. 60 செ.மீ. கம்பியை மீட்டிவிட்டு, குதிரையிலிருந்து 20 செ.மீ. தள்ளி விரல் நுனியால் தொட்டு உடனே எடுங்கள். அடிச்சுரம் அடங்கி, 784 ஹெர்ட்ஸ் மட்டும் மிதக்கும். ஆதாரம் ‘ஸ’ என்றால் இது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 12 செ.மீ.யில் தொட்டால் ஐந்தாவது பகுதிச் சுரம் (அடிச்சுரத்தின் ஐந்து மடங்கு அதிர்வெண்), அந்தர காந்தாரம். தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைப் பிடித்துப் பழகிய காதுக்கு இது உடனே அகப்படும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று இரவுகள் ஆகலாம்.

7. ஒலியின் வேகம்

இதற்கு இரண்டு கைப்பேசிகள், ஒரு துணை, வெறும் மைதானம், அரை மணி நேரம் போதும். மெர்சென் எதிரொலியை வைத்து அளந்தார். ஒரு நொடிக்குள் ஏழு அசைகளைச் சொல்லி முடித்தவுடன் முதல் அசையின் எதிரொலி வந்து சேரும்படி சுவரிலிருந்து தள்ளி நின்றார். தூரம் ஏறக்குறைய 160 மீட்டர். அப்படியானால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 320 மீட்டர். துப்பாக்கி முறையில் கிடைத்த 448-ஐ விட இது உண்மைக்கு எவ்வளவோ பக்கம்.

நாம் செய்வது: ஃபைஃபாக்சில் ‘ஒலி நிறுத்துக் கடிகாரம்’ என்ற பகுதியை இரண்டு கைப்பேசியிலும் திறந்து, 20 மீட்டர் இடைவெளியில் வைக்கவும். ஒவ்வொரு கைப்பேசியின் பக்கத்திலும் ஒருவர் நிற்க வேண்டும். ஒருவர் கைதட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும், மற்றவர் தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டு தட்டல்களின் ஒலியும் 20 மீட்டரைக் கடப்பதால், இரண்டு நேரங்களின் வித்தியாசத்தால் 40 மீட்டரை வகுத்தால் வேகம். 30 டிகிரி வெப்பநிலையில் வித்தியாசம் 0.114 நொடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். காற்றோட்டமும் வண்டிச் சத்தமும் இல்லாத விடிகாலையில் போங்கள்.

8. பகா எண் பட்டியலைத் தாளில் சோதியுங்கள்

2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் வருவது மெர்சென் எண். அது பகா எண்ணாகவும் இருந்தால் மெர்சென் பகா எண். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் எல்லாருக்கும் நடக்கிறது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

பகா எண்ணைத் தரும் அடுக்குகள் என்று 1644-ல் மெர்சென் அச்சிட்ட பட்டியல் இது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. 257 வரை இவற்றைத் தவிர வேறெந்த அடுக்கும் இல்லை என்றார். அதில் 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 விடுபட்டுப் போயின. 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று 1903-ல் காட்டினார்கள். முழுப் பட்டியலும் சரிபார்த்து முடிய 1947 ஆனது. ஐந்து பிழைகள் இருந்தும் அவர் பெயரே நிலைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்று நூற்றாண்டுகள் கணிதர்களுக்கு வேலை கொடுத்த பட்டியல் அது.

ஒரு மெர்சென் எண் பகா எண்தானா என்று காட்டும் லூக்கா–லெமர் சோதனையை நீங்கள் அடுக்கு 7-க்கு, அதாவது 127-க்கு, கையால் செய்யுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை எழுத வேண்டும். அடுக்கில் 2 குறைவான தடவை, அதாவது ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். அடுத்து 2047-க்குச் செய்யுங்கள். ஒன்பதாவது தடவை 1736 வரும், பூஜ்யம் வராது. இரண்டும் ஒரு மணி நேர வேலை. இதைச் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போனால், கணினி பல நாட்கள் உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்குப் புரியும்.

9. உங்கள் கணினியைத் தேடலில் சேருங்கள்

புதிய மெர்சென் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் யாரும் சேரலாம். ஆவணம் எதுவும் கேட்பதில்லை. ஒரு பயனர் பெயரும் மின்னஞ்சலும் போதும். ஓட்ட வேண்டிய நிரல் விண்டோசுக்குப் பிரைம்95, லினக்சுக்கு எம்பிரைம். இரண்டும் இலவசம். ஜிம்ப்சின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

முதலில் திறக்கும்போது இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று தேடலில் சேர, மற்றொன்று கணினியின் தாங்குதிறனைச் சோதிக்க மட்டும். நான் இரண்டாவதை அழுத்திவிட்டேன். பத்து நாள் கணினி கொதித்தது, கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. சேர்வதற்கான பொத்தான்தான் உங்களுக்கு வேண்டியது.

வேலை வகை கேட்கும் இடத்தில் முதல் தடவை ‘மறுசரிபார்ப்பு’ எடுங்கள். ஏற்கெனவே விடை தெரிந்த சிறிய அடுக்கு வரும். உங்கள் நினைவகத்தில் கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெரிய எண்ணில் மூன்று வாரம் ஓடிய பிறகு தெரிந்தால் மனம் உடைந்துவிடும்.

‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்’ என்ற கட்டத்தில் 24 என்று இருக்கும். மாலையில் நான்கு மணி நேரம்தான் போடுவீர்கள் என்றால் 4 என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நிரல் சொல்லும் முடியும் தேதி பொய்யாகும். நீண்ட நாள் அசையாமல் கிடக்கும் எண்ணைச் சேவையகம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். யாரும் இன்னும் சோதிக்காத எண்ணின் முதல் சோதனை ஒன்று வேகமான மேசைக் கணினியில் சில நாட்கள், பழைய மடிக்கணினியில் பல வாரங்கள். இடைக்காலக் கோப்புகளுக்கு வட்டில் சில ஜிபி இடம் காலியாக வைத்திருங்கள்.

மின்கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 100 வாட் இழுக்கும் கணினி நாள் முழுதும் ஓடினால் 2.4 யூனிட், ஒரு மாதத்துக்கு 72 யூனிட். வீட்டில் ஏற்கெனவே ஆகும் யூனிட்டோடு சேர்த்தால் மேல் கட்டண அடுக்குக்குப் போய்விடுமா என்று பாருங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். அலுவலகக் கணினியிலோ கல்லூரிக் கணினியிலோ எழுத்தில் அனுமதி வாங்காமல் நிறுவாதீர்கள்.

பரிசு பற்றியும் தெளிவாக இருங்கள். புதிய மெர்சென் பகா எண்ணுக்கு ஜிம்ப்ஸ் 3,000 டாலர் அறிவித்திருக்கிறது. பத்துக் கோடி இலக்கங்களைத் தாண்டும் முதல் எண்ணுக்கு 50,000. 2018 டிசம்பரில் கிடைத்த எண்ணுக்கு அடுத்தது 2024 அக்டோபரில்தான் வந்தது. அது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கங்கள், தெரிந்தவற்றில் 52-ஆவது. லூக் டூரன்ட் என்பவர் பல ஊர்களின் மேகக் கணினிகளில் வரைகலைச் செயலிகளை (ஜிபியு) வாடகைக்கு எடுத்து ஓட்டிக் கண்டுபிடித்தார். பணத்துக்காகச் சேர்ந்தால் மின்கட்டணம் கூடத் திரும்பாது. என் கணினியிலிருந்து இதுவரை போன விடைகள் எல்லாம் ‘பகு எண்’. அவையும் பட்டியலில் நிரந்தரமாக ஏறுகின்றன, அந்த அடுக்கை இன்னொருவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

விலக நினைத்தால் நிரலை அப்படியே அழித்துவிடாதீர்கள். நிரலின் மெனுவில் ஜிம்ப்சை விட்டு விலகும் தெரிவு இருக்கிறது. கையில் உள்ள எண்ணை முடித்துவிட்டு விலகுவதா, உடனே விலகுவதா என்று கேட்கும். உடனே விலகினால் எண் சேவையகத்துக்குத் திரும்பி, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.